கணக்குக் கேட்பது குற்றமா?



வீடு கட்டிய அனுபவம் உங்களுக்கு உண்டா? இல்லையென்றால் கட்டியவர் ஒருவரை அருகில் அமர்த்திக் கேட்டுப் பாருங்கள். மனையில் நூல் பிடிக்கும் நாளில் மேஸ்திரி ஒரு தொகையைச் சொல்லுவார். கடைக்கால் நிரம்புவதற்குள்ளேயே அத்தொகை கரையத் தொடங்கிவிடும். தளம் போடும் நாளில் முதல் மதிப்பீடு மறந்தே போயிருக்கும். "இன்னும் கொஞ்சம் இருந்தால் முடித்துவிடலாம்" என்ற சொல், குடிபுகும் நாள்வரை காதில் ஒலித்துக்கொண்டே இருக்கும். கடல் கடந்து உழைக்கும் மகன் அனுப்பிய பணமும், மகளின் நகை அடகுக் கடைக்குப் போய்ப் பெற்ற பணமும் அந்தச் சுவர்களுக்குள்ளேயே மறைந்துவிடும்.

ஒருநாள் இரவு, உணவு பரிமாறியபடியே இல்லத்தரசி மெல்லக் கேட்கிறாள்: "இதுவரை எவ்வளவு ஆயிற்று?" வீட்டுக்காரருக்குச் சுருக்கென்று கோபம் வருகிறது. "ஏன், என்மீது நம்பிக்கை இல்லையா?" என்கிறார்.

அவள் கேட்டது கணக்கு. அவர் காதில் விழுந்ததோ குற்றச்சாட்டு! குடும்பங்களில் மட்டுமன்று, சங்கங்களிலும் நிருவாகக் குழுக்களிலும், ஏன், நாடாளும் மன்றங்களிலும்கூட நேர்கின்ற இடறல் இதுவே. கேட்பவர் ஒன்றை நினைத்துக் கேட்கிறார். கேட்கப்படுபவர் வேறொன்றாக எடுத்துக்கொள்கிறார். நடுவில் கணக்கு மூடியே கிடக்கிறது.

இந்த உண்மையைத் தெளிவாக விளக்கும் ஒரு வரலாறு ஸ்காட்லாந்து நாட்டில் நிகழ்ந்தது. அங்கும் ஒரு வீடுதான் கட்டினார்கள். மக்கள் பிரதிநிதிகள் கூடிப் பேசுவதற்கான வீடு. அங்கும் ஒரு பெண்மணிதான் விடாமல் கணக்குக் கேட்டார். அவர் பெயர் மார்கோ மெக்டொனால்ட்.

முந்நூறு ஆண்டுக் கனவு

பிரிட்டனின் வடபகுதியே ஸ்காட்லாந்து. 1707ஆம் ஆண்டில் இங்கிலாந்துடன் ஒன்றிணைந்தபோது, அந்நாடு தனக்கென இருந்த நாடாளுமன்றத்தை இழந்தது. ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னர், 1997ஆம் ஆண்டு செப்டம்பர் 11ஆம் நாள் நடைபெற்ற பொதுவாக்கெடுப்பில், வாக்களித்தோரில் நூற்றுக்கு 74 பேருக்கு மேல் "எங்களுக்கென ஒரு மன்றம் வேண்டும்" என்று தீர்ப்பளித்தனர். கல்வி, மருத்துவம், உள்ளாட்சி போன்ற துறைகளில் சட்டமியற்றும் அதிகாரத்துடன் மாநில மன்றம் ஒன்று உருவாவது உறுதியாயிற்று.

மன்றம் என்றால் கூடுவதற்கு இடம் வேண்டுமே! வாக்கெடுப்புக்கு முன்பே, 1997 ஜூலையில் பிரிட்டிஷ் அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கையில், கட்டடத்துக்கு 1 கோடி முதல் 4 கோடி பவுண்டு வரை செலவாகலாம் என்று குறிக்கப்பட்டிருந்தது. எந்த இடத்தில் கட்டுவது என்று அப்போது முடிவாகவில்லை. வரைபடம் இல்லை, கட்டடக் கலைஞரும் இல்லை. ஆயினும் தொகை மட்டும் அச்சேறிவிட்டது!

1998 ஜனவரியில், எடின்பரோ நகரில், அரச மாளிகைக்கு எதிரே மதுபான ஆலை ஒன்று இருந்த ஹோலிரூட் என்னும் இடம் தேர்ந்தெடுக்கப்பட்டது. அவ்வாண்டு ஜூலையில், ஸ்பெயின் நாட்டின் பார்சிலோனா நகரைச் சேர்ந்த என்ரிக் மிராயெஸ் என்னும் புகழ்பெற்ற கலைஞர் கட்டடத்தை வடிவமைக்கத் தெரிவானார். அப்போது மக்கள் முன் வைக்கப்பட்ட தொகை 5 கோடி பவுண்டு.

வாசகர்களே, இந்த 5 கோடியைச் சற்றுக் கூர்ந்து பாருங்கள். இது கட்டுமானத்துக்கு மட்டுமான தொகை. கட்டடக் கலைஞர்களுக்கும் ஆலோசகர்களுக்கும் தரவேண்டிய கட்டணம், வரி, நிலத்தின் விலை, மேசை நாற்காலி முதலியவை எல்லாம் இதற்குப் புறம்பு. "வீட்டுக்கு எட்டு இலட்சம் ஆகும்" என்று சொல்லிவிட்டு, கதவு, சன்னல், மின்சாரம், தண்ணீர்க் குழாய் யாவும் தனிக்கணக்கு என்று பிற்பாடு சொல்வதைப் போன்றது அது. சொன்னது பொய்யில்லை, ஆனால் கேட்டவர் மனத்தில் பதிந்தது முழு உண்மையும் இல்லை.

கேள்வி பிறந்த இடம்

1999 மே 6ஆம் நாள் புதிய மன்றத்துக்கு முதல் தேர்தல் நடந்தது. உறுப்பினர்கள் 129 பேர். அவர்களில் 73 பேர் தனித்தனித் தொகுதிகளிலிருந்து வருவோர். எஞ்சிய 56 பேர், எட்டு மண்டலங்களிலிருந்து, மண்டலத்துக்கு எழுவராக, கட்சிகள் தரும் பட்டியல் வாயிலாகத் தேர்வாகின்றவர்கள். வாக்காளர் ஒவ்வொருவருக்கும் தொகுதிக்கு ஒன்றும் மண்டலத்துக்கு ஒன்றுமாக இரண்டு வாக்குகள் உண்டு.

எடின்பரோவை உள்ளடக்கிய லோதியன் மண்டலத்திலிருந்து வந்தவரே மார்கோ மெக்டொனால்ட். உடற்பயிற்சி ஆசிரியையாகப் பயின்றவர். 1973ஆம் ஆண்டில், முப்பது வயதில், கிளாஸ்கோ நகரின் கோவன் தொகுதி இடைத்தேர்தலில் ஸ்காட்லாந்து தேசியக் கட்சியின் சார்பில் வென்று நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தவர். பின்னர் அரசியலை விட்டு விலகி வானொலியிலும் தொலைக்காட்சியிலும் பத்திரிகைத் துறையிலும் பல ஆண்டுகள் பணியாற்றிவிட்டு, மன்றம் பிறந்தபோது மீண்டும் வந்தார். கேட்ட கேள்விக்கு நேரான விடை வரும்வரை விடாத பழக்கத்தைச் செய்தியாளர் பணி அவருக்குத் தந்திருந்தது.

கட்டப்படுகின்ற கட்டடமோ அவருடைய மண்டலத்திலேயே எழுகிறது. செலவாகும் பணமோ ஸ்காட்லாந்து மக்களின் மருத்துவமனைகளுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் போகவேண்டிய பொதுநிதியிலிருந்து எடுக்கப்படுகிறது. எனவே அவர் கேட்கத் தொடங்கினார்: மொத்தம் எவ்வளவு ஆகும்? இந்தத் தொகையை யார் கணித்தது? இதற்குள் என்னென்ன அடங்கும்? மிகுந்தால் யார் பொறுப்பு?

எளிய கேள்விகள்! ஆனால் விடை கிடைப்பது எளிதாக இல்லை.

யாரிடம் கேட்பது?

முதல் இடையூறு, யாரிடம் கேட்பது என்பதே. இடத்தைத் தேர்ந்தெடுத்ததும், கலைஞரை அமர்த்தியதும், ஒப்பந்த முறையை முடிவு செய்ததும் இலண்டன் அரசின் கீழிருந்த ஸ்காட்லாந்து அலுவலகம். அதன் அமைச்சர் டொனால்ட் டூவர். 1999 ஜூன் முதல் நாள், புதிதாகப் பிறந்த மன்றத்தின் நிருவாகக் குழுவிடம் திட்டம் முழுவதும் ஒப்படைக்கப்பட்டது. டூவரோ புதிய ஸ்காட்லாந்து அரசின் முதலமைச்சராகிவிட்டார்.

விளைவு என்ன? அரசைக் கேட்டால், "அது மன்றத்தின் திட்டம்" என்று விடை. மன்றத்தின் நிருவாகக் குழுவைக் கேட்டால், "அடிப்படை முடிவுகள் யாவும் எங்களிடம் வருமுன்பே எடுக்கப்பட்டுவிட்டன" என்று விடை. தந்தை தொடங்கிய வீட்டை மகன் தலையில் கட்டிவிட்டு, கணக்குப் புத்தகத்தை மட்டும் யாரும் கையில் எடுக்காத நிலை! பொதுப்பணம் பாழாவதற்கு இதைவிட ஏற்ற சூழ்நிலை வேறில்லை.

1999 ஜூன் 17ஆம் நாள் மன்றத்தில் விவாதம் நடந்தது. கட்டணங்களும் வரியும் சேர்த்துச் செலவு 10 கோடியே 90 இலட்சம் பவுண்டு என்று உறுப்பினர்களிடம் கூறப்பட்டது. சற்றே நிறுத்தி மறுபரிசீலனை செய்யலாம் என்ற குரல் எழுந்தது. "இப்போது நிறுத்தினால் செலவு இன்னும் கூடும்" என்ற மறுமொழி வந்தது. குறைந்த வாக்கு வித்தியாசத்தில், தொடர்வது என்று முடிவாயிற்று.

அடுத்த ஆண்டு மார்ச் மாதத்தில், நிருவாகக் குழுவே அமர்த்திய ஜான் ஸ்பென்ஸ்லி என்னும் கட்டடக் கலைஞர், திட்டமிட்டபடியே போனால் 23 கோடி பவுண்டு ஆகும் என்று அறிக்கை தந்தார். ஓராண்டு முடியுமுன்பே இருமடங்குக்கு மேல்! மன்றம் அதிர்ந்தது. 2000 ஏப்ரலில் 19 கோடியே 50 இலட்சம் பவுண்டு என்று உச்சவரம்பு விதித்தது. வரம்பு விதித்தால் செலவு நின்றுவிடுமா? 2001 ஜூனில் அந்த வரம்பையே மன்றம் நீக்கிவிட்டது. இதற்கிடையில், 2000 ஜூலையில் கலைஞர் மிராயெஸ் தம் 45ஆம் வயதில் காலமானார். அக்டோபரில் முதலமைச்சர் டூவரும் மறைந்தார். திட்டத்தைக் கருவில் சுமந்த இருவரும் கட்டடம் எழுமுன்பே போய்விட்டார்கள்.

2001 செப்டம்பரில் அமெரிக்காவில் நடந்த தாக்குதல்களுக்குப் பின்னர், குண்டுவெடிப்பைத் தாங்கும் கண்ணாடியும் சுவரும் வேண்டுமென்ற பாதுகாப்புத் தேவைகள் மேலும் செலவைக் கூட்டின. 2003 செப்டம்பரில் தொகை 40 கோடி பவுண்டைத் தாண்டியது.

கேட்டவருக்குக் கிடைத்த பட்டங்கள்

இந்த ஆண்டுகளில் கணக்குக் கேட்போரைப் பற்றி என்ன பேசப்பட்டிருக்கும் என்று உங்களால் ஊகிக்க முடியும். "முந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகு நமக்கென ஒரு மன்றம் கிடைத்திருக்கிறது, அதன் முகத்தில் கரி பூசலாமா?" என்ற மனத்தாங்கல் ஒருபுறம். "கலையின் அருமை தெரியாதவர்கள்" என்ற ஏளனம் மறுபுறம்.

மார்கோ மெக்டொனால்ட் மன்றத்தின் பகைவர் அல்லர் என்பதை இங்கே நினைவிற் கொள்ள வேண்டும். ஸ்காட்லாந்து தனி நாடாக வேண்டும் என்பதற்கே வாழ்நாளைக் கொடுத்தவர் அவர். அந்த மன்றத்தின்மீது அவருக்கிருந்த பற்று மற்றவர்க்கு இருந்ததைவிடக் குறைந்ததன்று. பற்று இருந்ததால்தான் கேட்டார். தம் வீடு என்று நினைப்பவரே கூரை ஒழுகுவதைச் சொல்லுவார், வழிப்போக்கர் சொல்லுவாரா?

எவருடைய கட்டுப்பாட்டுக்கும் எளிதில் அடங்காத அவரது போக்கு, சொந்தக் கட்சிக்கே உவப்பாக இல்லை. 2003ஆம் ஆண்டுத் தேர்தலுக்கான லோதியன் பட்டியலில், கட்சி அவரை ஐந்தாம் இடத்துக்குத் தள்ளியது. பட்டியலில் கீழே போனால் வெற்றி வாய்ப்பு மங்கும். அதே காலத்தில், அவருக்குப் பார்க்கின்சன் என்னும் நடுக்குவாத நோய் இருக்கின்ற செய்தியும் வெளியில் கசிந்து ஊரறிந்ததாகிவிட்டது. வேறொருவராக இருந்தால் ஓய்வெடுத்திருப்பார்.

அவரோ சுயேச்சையாக நின்றார். கட்சியுறவு அறுந்தது. மண்டலம் முழுவதும் பரவியுள்ள வாக்குகளைக் கட்சியின் துணையின்றி ஒருவர் தனித்துத் திரட்டுவது எத்துணை அரிது! ஆயினும் லோதியன் மக்கள் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். 2007, 2011 ஆகிய தேர்தல்களிலும் அவரையே மீண்டும் அனுப்பினார்கள். 2014 ஏப்ரல் 4ஆம் நாள் மறையும்வரை அவர் அம்மன்றத்தின் சுயேச்சை உறுப்பினராகவே விளங்கினார்.

திறந்து பார்த்தபோது

2003 தேர்தலின்போது ஹோலிரூட் கட்டடமே ஊரெங்கும் பேச்சாக இருந்தது. உறுப்பினர்களும் செய்தித்தாள்களும் தொடர்ந்து வற்புறுத்தியதன் விளைவாக, முதலமைச்சர் ஜாக் மெக்கானல் விசாரணைக்கு இசைந்தார். முன்னாள் சட்ட அதிகாரியும் பிரபுக்கள் சபை உறுப்பினருமான பிரேசர் பிரபு விசாரணையை ஏற்றார். 2003 அக்டோபரிலிருந்து 2004 மே வரை சாட்சிகள் மக்கள் முன்னிலையில் விசாரிக்கப்பட்டார்கள். ஆண்டுக்கணக்கில் அலமாரிகளில் கிடந்த கடிதங்களும் குறிப்புகளும் வெளிச்சத்துக்கு வந்தன. சாட்சிகளைக் கட்டாயப்படுத்தி அழைக்கும் சட்ட அதிகாரம் அவ்விசாரணைக்கு இல்லை. ஆயினும் அமைச்சர்களும் அதிகாரிகளும் ஒருவர்பின் ஒருவராக வந்து பதில் கூறினார்கள்.

2004 செப்டம்பர் 15ஆம் நாள் அறிக்கை வெளியாயிற்று. மக்கள் எதிர்பார்த்தது ஒரு திருடனை! 'யாரோ பணத்தைச் சுருட்டிவிட்டார்கள். அவரைப் பிடித்துக் காட்டுவார்கள்' என்றே பலர் எண்ணியிருந்தார்கள். பிரேசர் பிரபுவோ, இந்தக் கதையில் தனியொரு வில்லன் இல்லை என்று சொல்லிவிட்டார். அவர் கண்டது வேறு.

முதலாவது: தொடக்கத்தில் சொன்ன 4 கோடி பவுண்டுக்குள் அத்தகைய ஒரு மன்றக் கட்டடத்தை எழுப்புவது ஒருபோதும் இயலாத காரியம். எதையும் தீர்மானிக்காமல் சொன்ன தொகை, பின்னர் ஒவ்வொரு வாக்குறுதிக்கும் அடிக்கல்லாகிவிட்டது.

இரண்டாவது: ஒப்பந்த முறை. இதை நாம் நம் வீட்டுக் கணக்கிலேயே விளங்கிக்கொள்ளலாம். முழு வரைபடத்தையும் முடித்து, ஒருவரிடம் மொத்த ஒப்பந்தமாகக் கொடுத்தால், விலை ஏறினால் பெரும்பாலும் ஒப்பந்தக்காரர் பாடு. வரைபடம் முடியுமுன்பே வேலையைத் தொடங்கி, கடைக்காலுக்கு ஒருவர், சுவருக்கு ஒருவர், மரவேலைக்கு ஒருவர் என்று பிரித்துப் பிரித்துக் கொடுத்தால் வேலை விரைந்து தொடங்கும். ஆனால் எங்கே எது மிகுந்தாலும் வீட்டுக்காரர் தலையிலேயே விழும். ஹோலிரூட்டில் மேற்கொண்டது இந்த இரண்டாம் முறை. வரைபடம் மாற மாற, பரப்பு பெருகப் பெருக, அவ்வளவு பாரமும் மக்கள் பணத்தின்மீது விழுந்தது. இந்த முறையை மேற்கொள்ளும் முடிவை அதிகாரிகள் அமைச்சரின் ஒப்புதலைப் பெறாமலேயே எடுத்திருந்தார்கள் என்பதும், பின்னர் நேர்ந்த இன்னல்களுக்கெல்லாம் இதுவே தலையாய காரணங்களுள் ஒன்று என்பதும் அறிக்கையின் முடிவு.

மூன்றாவதுதான் நம் நெஞ்சைத் தைப்பது. 1999இன் தொடக்கத்தில், செலவுக் கணிப்பாளர்கள் கட்டுமானத்துக்கு 8 கோடியே 90 இலட்சம் பவுண்டு ஆகலாம் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதில் 2 கோடியே 70 இலட்சம், 'இன்னின்ன இடர்கள் நேர்ந்தால் ஆகக்கூடியது' என்று கணித்த தொகை. அந்த இடர்த்தொகையைத் திட்ட அதிகாரிகள் ஒதுக்கிவிட்டு, 6 கோடியே 20 இலட்சம் என்ற எண்ணையே மேலே அனுப்பினார்கள். பெரிய எண் அமைச்சர் டூவரின் பார்வைக்குப் போகவே இல்லை. ஜூன் 17ஆம் நாள் அவர் மன்றத்தில் சொன்ன தொகையும், உறுப்பினர்கள் வாக்களித்ததும் அந்தச் சிறிய எண்ணை நம்பித்தான்.

மன்றத்தை டூவர் வேண்டுமென்றே ஏமாற்றவில்லை என்று பிரேசர் பிரபு தெளிவாகக் கூறினார். நேர்மையான மனிதர் ஒருவர், தமக்குத் தரப்பட்ட தவறான கணக்கை, உண்மை என்று நம்பி, ஊரார் முன் வைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். உயிரோடிருந்து தம் பக்கத்தைச் சொல்லவும் அவருக்கு வாய்க்கவில்லை.

வாசகர்களே, சற்று நின்று சிந்தியுங்கள். கணக்கு மூடியிருந்ததால் பாதிக்கப்பட்டவர் வரிகொடுத்த குடிமக்கள் மட்டுந்தானா? தலைவரும் பாதிக்கப்பட்டார். அந்த 8 கோடியே 90 இலட்சம் என்ற காகிதம் அன்றே மன்றத்தின் மேசைக்கு வந்திருந்தால், உறுப்பினர்கள் வேறு முடிவு எடுத்திருக்கலாம். அதே முடிவைக்கூட எடுத்திருக்கலாம். எப்படியாயினும், தெரிந்து எடுத்த முடிவாக இருந்திருக்கும். டூவரின் பெயரும் காப்பாற்றப்பட்டிருக்கும். கணக்குக் கேட்பவர் தலைவருக்கு எதிரி என்று நினைக்கிறோமே, உண்மையில் அவர் தலைவருக்குக் காவலர் அல்லவா?

கேட்டதால் என்ன கிடைத்தது?

உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும். மார்கோவும் மற்றவர்களும் ஆண்டுக்கணக்கில் கேட்டதால் செலவு குறைந்துவிடவில்லை. 2001இல் முடியும் என்ற கட்டடம் மூன்றாண்டு பிந்தி, 2004 செப்டம்பரில் மன்றத்தின் கைக்கு வந்தது. அக்டோபர் 9ஆம் நாள் எலிசபெத் அரசியார் அதனைத் திறந்துவைத்தார். இறுதிக் கணக்கு 41 கோடியே 44 இலட்சம் பவுண்டு. வெள்ளை அறிக்கையின் உச்சத் தொகையைப் போல் பத்து மடங்குக்கு மேல்! அறிக்கைக்குப் பின்னர் அரசு ஊழியர் எவர்மீதும் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்படவும் இல்லை.

கட்டடம் அழகற்றது என்றும் சொல்வதற்கில்லை. 2005ஆம் ஆண்டில், பிரிட்டனின் கட்டடக் கலைக்குரிய பெரும் பரிசான ஸ்டெர்லிங் பரிசை அது வென்றது. இன்று எடின்பரோ செல்வோர் அதனை வியந்து பார்க்கின்றார்கள். 'இவ்வளவு சிறந்த கட்டடம் கிடைத்துவிட்டதே, இனிப் பழங்கணக்கு எதற்கு?' என்று கேட்போரும் உண்டு. விருந்து சுவையாக இருந்தது என்பதற்காக, மளிகைக் கடைச் சீட்டைக் கிழித்தெறிந்துவிடுவோமா?

அப்படியானால் கேட்டதால் விளைந்த பயன்தான் என்ன? 2003 தேர்தலுக்குப் பின் மன்றத் தலைவரான ஜார்ஜ் ரீட், கட்டடச் செலவைப் பற்றி மன்றத்தின் நிதிக்குழுவுக்குத் தொடர்ந்து அறிக்கை தரும் வழக்கத்தைக் கொண்டுவந்தார். தலைமைத் தணிக்கையாளர் ராபர்ட் பிளாக் 2000இலும் 2004இலும் திட்டத்தை ஆய்ந்து அறிக்கைகள் அளித்தார். பிரேசர் விசாரணையின் ஆவணங்கள், இத்தகைய திட்டங்களை மேற்கொள்வோர்க்கெல்லாம் பாடமாகிவிட்டன. 2002இல் அம்மன்றமே இயற்றிய தகவல் உரிமைச் சட்டம், 2005 ஜனவரி முதல் நாளிலிருந்து நடைமுறைக்கு வந்தது. அந்தச் சட்டத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆயினும், உறுப்பினர் ஒருவர் ஆண்டுக்கணக்கில் தட்டிய கதவை, சாதாரணக் குடிமகன் ஒரு கடிதத்தால் தட்டும் உரிமை அன்று பிறந்தது.

இவற்றுக்கெல்லாம் மேலாக, புதிதாகப் பிறந்த மன்றம் தன் முதல் பெருந்தவற்றைத் தானே வெளியிட்டுக் கொண்டது. தவறு செய்யாத நிருவாகம் உலகில் இல்லை. தவற்றை ஊரறிய ஏற்று, எங்கே இடறினோம் என்று எழுதிவைக்கும் நிருவாகம் அரிது. அந்த நிலைக்கு அதனை இழுத்துக்கொண்டு வந்தவை, சிலருடைய சலிப்பறியாத கேள்விகளே.

நமக்குள்ள பாடம்

ஸ்காட்லாந்துக் கதை நமக்கு எதற்கு என்று எண்ணிவிடாதீர்கள். நம் தெருவிலும் ஒரு கட்டடக் குழு இருக்கும். ஒரு கல்விச் சங்கம், ஒரு பைத்துல்மால், ஒரு திருமண மண்டபத் திட்டம் இருக்கும். பிறர் பணத்தைக் கையில் வைத்திருப்பது அமானிதம் என்று நாம் வாய் நிறையச் சொல்லுகிறோம். அமானிதத்தைக் காப்பதென்றால் திருடாமலிருப்பது மட்டும்தானா? ஹோலிரூட்டில் ஒருவர் திருடினார் என்று எந்த விசாரணையும் சொல்லவில்லை. ஆயினும் கோடிகள் கரைந்தன. தெரிந்ததைத் தெரிவிக்காமலிருந்ததே போதுமானதாயிற்று.

ஆகவே, ஒரு திட்டத்துக்காக உங்களிடம் பணம் கேட்டு வரும்போது நான்கு கேள்விகளைக் கேளுங்கள். இந்தத் தொகைக்குள் எவை அடங்கும், எவை அடங்கா? இதைக் கணித்தவர் யார். அவர் சொன்ன முழு எண்ணும் இதுதானா? செலவு மிகுந்தால் பொறுப்பு யாருடையது? அடுத்த கணக்கை எந்த நாளில் எங்கள் முன் வைப்பீர்கள்? இந்நான்கையும் பணிவாகக் கேளுங்கள். ஆனால் பதில் வரும்வரை கேளுங்கள்.

நீங்கள் பொறுப்பில் இருப்பவரானால், கேட்கும்வரை காத்திராதீர்கள். எண் சிறிதாக இருக்கும்போதே சொல்லிவிடுங்கள். அது பெரிதான பின் சொல்வது கடினம். இடரும் சேர்த்துக் கணித்த தொகை ஒன்று உங்கள் பையில் இருந்தால், அதனை மடித்து வைக்காதீர்கள்.

தொடக்கத்தில் கண்ட அந்த இல்லத்துக்கு மீண்டும் வருவோம். "இதுவரை எவ்வளவு ஆயிற்று?" என்று அவள் கேட்கிறாள். அந்த வீட்டில் வாழப்போகிறவள் அவள். அடகு போனது அவள் பெற்ற மகளின் நகை. நாளை கடன்காரர் வந்து நிற்கப் போவதும் அவள் வாசலில்தான். கேட்க அவளுக்கு உரிமை இல்லையென்றால் வேறு யாருக்கு உண்டு?

இன்று இரவு உங்கள் வீட்டில் இக்கேள்வி எழுந்தால், கோபித்துக் கொள்ளாதீர்கள் ஐயா! கணக்கு நோட்டைக் கொண்டுவந்து அவள் முன்னால் விரித்து வையுங்கள். கூட்டலில் ஒரு பிழை இருந்தால், அவள் கண்ணில் படட்டும்.